இருபது மீட்டரைப் போகவிடத் தெரிந்தவர்

மாரத்தானில் வேகத்தை நிர்ணயித்து முன்னால் ஓடும் பேஸர்கள் 30 கிலோமீட்டர் வாக்கில் ஒதுங்கிக்கொண்டதும் முன்னணிக் குழுவில் யாராவது ஒருவர் வேகத்தைக் கூட்டுவார். அந்த நொடியில் என் கண் ஒரே ஆளைத்தான் தேடும். கென்யாவின் இட்டென் மேட்டில் பயிற்சி எடுக்கும் கலெஞ்சின் இனத்து வீரர் ஒருவர் அவர். மற்றவர்கள் பாய்ந்துபோய் ஒட்டிக்கொள்ள, இவர் மட்டும் இருபது மீட்டரைப் போகவிடுவார். அடுத்த மூன்று கிலோமீட்டருக்குள் அந்த இடைவெளி இருக்காது. உடனே வர்ணனையாளர்கள் 'ரத்தத்திலேயே ஊறியது, எல்லாம் மரபணு' என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மரபணுவுக்குப் பங்கு உண்டு. பயிற்சிக்கு உடல் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது என்று ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு கணக்கிட்டது. கலெஞ்சின்களின் மெலிந்த கெண்டைக்காலும் சொத்துதான்; பாதத்தை ஒட்டி எடை குறையக் குறைய ஒவ்வோர் எட்டுக்கும் ஆகும் ஆற்றலும் குறையும். ஆனால், நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவுவதாகச் சொல்லப்பட்ட ஏசிடிஎன்3 மரபணுவின் செயலிழந்த வடிவம் என்ன ஆயிற்று? அதை இரு பிரதியாகவும் பெற்றவர்கள் ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. கென்யர்களில் நூற்றுக்கு ஒருவர்தான்!

இன்னொன்று. அந்த முன்னணிக் குழுவில் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்களே. அதே கால், அதே 2,400 மீட்டர் உயரத்தில் பழகிய மூச்சு. அவர்கள் பாய்கிறார்கள், இவர் பாயவில்லை. இதற்கு எந்த மரபணு பதில் சொல்லும்?

இட்டெனில் வியாழன்தோறும் செம்மண் சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூட்டமாக, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் ஃபார்ட்லெக் பயிற்சி எடுப்பார்கள். தாங்காத வேகத்தில் போனவர் பாதியில் கழன்றுவிடுவார். தன் எல்லையைத் தாண்டினால் தசையில் எரிபொருளாகச் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் எவ்வளவு சீக்கிரம் கரையும், 35-ஆவது கிலோமீட்டரில் கால் எப்படிக் கல்லாகும் என்பது அங்கே ஓடுகிறவருக்கு உடம்பாலேயே தெரியும். இருபது மீட்டரை விட்டுக்கொடுக்கும் துணிச்சல் அங்கே சம்பாதித்தது.

இந்தத் துணிச்சலோடு அவர் பாஸ்டன் மாரத்தானுக்குப் போக வேண்டும். முன்னணி வீரர்களுக்கும் அங்கே பேஸர்கள் கிடையாது. வேகத்தை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். 32 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஹார்ட்பிரேக் ஹில். அந்த ஏற்றத்தில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வருவார். அதன் பிறகு வரும் இறக்கத்தில் முந்துவார். பட்டம் அவருக்கே என்று இன்றே எழுதிவைக்கிறேன்.

பாஸ்டன் ஓட்டம் நடக்கும் ஏப்ரல் மூன்றாவது திங்களன்று பாருங்கள். முன்னால் பாய்கிறவரை விடுங்கள். இருபது மீட்டர் பின்னால் வருகிறவர் மேல் கண் வையுங்கள்.