சிலம்பில் வனப்பும் விழைவும்

இக்கால வணிகத்தில் பொருளின் பயனினும் அதன் வடிவும் வண்ணமும் பொதியுறையின் பொலிவுமே வாங்குவோர் விழைவை முந்துற எழுப்புகின்றன. இஃது இக்காலத்திற்கே உரிய புதுமையன்று. வனப்பு விழைவை எழுப்புமாற்றையும், அவ்விழைவு சென்று முடியும் இடத்தையும் சிலப்பதிகாரம் மூன்று இடங்களில் வைத்துக் காட்டுகின்றது. அங்காடி வருணனைகளைக் காப்பிய மரபு பற்றி வந்த வெற்றணி எனக் கொள்வார் இத்தொடர்பினைக் காணார்.

முதலாவது, அரங்கேற்று காதை. 1,008 கழஞ்சு பொன் பெறும் மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி, நகர நம்பியர் திரியும் மறுகில் விற்பாள்போல ஏந்தி நிற்கின்றாள். மாலையை வாங்குவோனே மாதவிக்கு உரியவன் என்பது ஏற்பாடு. கோவலன் வாங்கியது மாலை. விழைந்தது மாலையை அன்று. பொருள் தன்னின் வேறாகிய ஒன்றற்கு அடையாளமாகி நின்று விலைபோகும் முறைமை இங்குப் புலனாகின்றது.

இரண்டாவது, ஊர்காண் காதை. மதுரை மணிக்கடைத் தெருவில் வயிரத்தின் ஒளியைக் கூறுமுன், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் 4 குற்றங்களும் நீங்கியமை கூறப்படுகின்றது. பொற்கடைத் தெருவிலோ சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் 4 வகைப் பொன்னையும் கொள்வோர் மயங்காதவாறு கொடிகள் எடுக்கப்பட்டுள்ளன. இக்கொடி கண்ணைக் கவர்வது மட்டுமன்று, ஐயத்தையும் அகற்றுவது. வனப்பு ஈண்டு அறிவிற்குத் துணையாகின்றது. இவற்றையெல்லாம் கோவலன் கண்டு மகிழ்ந்தே மீள்கின்றான்.

மூன்றாவது, கொலைக்களக் காதை. கொடி கண்டு மகிழ்ந்த அக்கோவலனே, சிலம்பு விற்கச் செல்லுங்கால் கொடியற்ற ஒருவனை நம்புகின்றான். சட்டையணிந்து, கையில் கோலேந்தி, நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்வர வந்தவனை, அத்தோற்றம் ஒன்றே பற்றி, அரசனிடம் சிறப்புப் பெற்ற பொற்கொல்லன் எனத் துணிகின்றான். சிலம்பின் மணியும் வயிரமும் பசும்பொன் வேலைப்பாடும் காப்பியத்துள் விரித்துரைக்கப்படும் இடமும் இதுவே. அணிந்த கண்ணகியின் அடியில் வைத்து அவ்வழகைப் பாடாது, பொய்த்தொழிற் கொல்லன் கூர்ந்து நோக்கும் நோக்கில் வைத்து ஆசிரியர் பாடியமை பெரிதும் கருதத்தக்கது. அச்செய்வினைச் சிறப்பே, இது கோப்பெருந்தேவிக்கன்றிப் பிறர்க்குப் பொருந்தாது என அவன் கூறுதற்கும், அரசன் முன் அதனைக் களவுப்பொருளாக்குதற்கும் வாயிலாகின்றது.

விதி முந்துறுத்தலின் இவ்வாய்வு மிகையாம் என்பார் உளர். ஊழின் வலியை மறுத்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. ஊழ் எக்கருவி கொண்டு தொழிற்படுகின்றது என்பதே வினா. புறத்தே ஒத்த இரு சிலம்புகளை வேறுபடுத்தியவை அகத்தே இருந்த பரல்களே. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். தேவியின் சிலம்பில் முத்து. வடிவு உடைந்த பின்னரே வாய்மை வெளிப்பட்டது.

ஆதலின் இளங்கோவடிகள் வனப்பைப் பழித்தார் என்பதும், போற்றினார் என்பதும் பொருந்தா. அறிவோடு கூடிய வனப்புக் கொடியாகி வழிகாட்டும். அறிவினின்று பிரிந்த வனப்புக் கொள்வோனையும் விற்போனையும் ஒருங்கே கெடுக்கும். மதுரை வீதியின் கொடிகளைக் கொல்லனின் கோலத்தோடு ஒப்பவைத்து நோக்குவார்க்கே ஊர்காண் காதை காப்பியத்தின் உறுப்பாதல் விளங்கும்.