உளவளத்துணை ஆய்வில் பேச்சும் பெயர்ப்பும்

உளவளத்துணை, உளச்சிகிச்சை ஆகியவற்றை ஆராய்வோர்க்கு முதன்மைத் தரவு பேச்சே. கார்ல் ராஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில் ஒருவருடன் நிகழ்ந்த எட்டு உரையாடல்களை ஒலித்தட்டில் பதிந்து முழுமையாக எழுத்தில் தந்தார். லபோவும் ஃபேன்ஷெலும் 1977இல் பதினைந்து நிமிடப் பேச்சின் ஆய்வுக்கு ஒரு நூலையே ஒதுக்கினர். தமிழர் குறித்த ஆய்வுகளில் இப்பொறுமை அரிது. பெரும்பாலும் ஆங்கில வினாநிரல் தமிழாக்கப்படுகிறது. வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குகிறார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துவரின் கருவி செம்மையானது எனக் கொள்ளப்படுகிறது.

இப்பின்மொழிபெயர்ப்பு முறையை 1970இல் விரித்துரைத்த பிரிஸ்லினே அதன் குறையையும் சுட்டியுள்ளார்: இருமொழி வல்லவர் குறையுடைய பெயர்ப்பிலிருந்தும் மூலத்தை ஊகித்துவிடுவார். தமிழில் இக்குறை இன்னும் ஆழமானது. 'எனக்குச் சோர்வா இருக்கு' என்பதே இயல்பான வழக்கு; இங்கு அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், சோர்வு அவர்க்கு நேர்வதாகிறது. 'நான் சோர்வாக உணர்கிறேன்' என்பதில் அவர் எழுவாயாகி வினைக்கு உரியவராகிறார். ஆங்கிலத்தில் மீளும்போது இவ்விரண்டும் ஒரே தொடராகிவிடும். ஆகவே, எந்தத் தமிழ் வினவப்பட்டது என்பதை இச்சோதனையால் கண்டறிய இயலாது.

அம்பர்நாத், தாராவி போன்ற பகுதிகளில் வாழும் நெல்லை வழித் தமிழர் ஒருவர் 'ஒண்ணும் ஓட மாட்டேங்கு' என்கிறார் எனக் கொள்வோம். கவனம் நிலைக்கவில்லையா, செய்வதறியாத திகைப்பா, நாட்டமின்மையா? முன்னும் பின்னும் உள்ள பேச்சே இதனைத் தெளிவிக்கும். பெயர்த்தெழுதுபவர் 'எதிலும் ஆர்வம் இல்லை' எனத் திருத்திவிட்டால், அத்தொடர் பிஎச்கியூ-9 வினாநிரலின் முதல் வினாவோடு அழகாகப் பொருந்திவிடுகிறது. ஆய்வு தொடங்குமுன்பே நோய் கணிக்கப்பட்டுவிட்டது! ஆலோசகரை 'மேடம்' என்று அழைத்து வந்தவர் இடையில் 'அக்கா' என்று மாறும் இடமும் அவ்வாறே. உறவு நெருங்கியதற்கான வெளிப்படையான சான்று அது. இந்தி, மராத்தி, ஆங்கிலக் குறிப்பேடுகளில் பெரும்பாலும் பதிவாவதில்லை.

கலைச்சொல்லும் இவண் கருதத்தக்கது. இலங்கையில் உளவளத்துணை, சீர்மியம் என வழங்குவதைத் தமிழகத்தார் பெரும்பாலும் ஆலோசனை என்கின்றனர். ஆலோசனை சொல்பவர் அறிவுரை தருவார் என்றே வருபவர் எதிர்பார்ப்பார். அறிவுரை தவிர்ப்பதையே நெறியாகக் கொண்ட ராஜர்ஸ் முறைக்கு இச்சொல் தொடக்கத்திலேயே முரண்.

பேச்சை அவ்வாறே அச்சிடுக எனக் கூறுவது எளிது. ஆனால் சிறு குடியிருப்பில் வட்டார வழக்கே பேசியவரைக் காட்டிக்கொடுக்கும். பெயரை மறைத்தாலும் 'மாட்டேங்கு' என்பது ஊரைச் சொல்லிவிடும். எழுத்துத் தமிழாக்கி மறைத்தாலோ தரவு அழிகிறது. ஊர், தொழில், உறவுமுறை பற்றிய செய்திகளை மாற்றி வினைமுற்றையும் வேற்றுமையையும் மாற்றாது விடுதல் ஓரளவு உதவும். அதுவும் போதாத இடத்தில் உரையாடலை அச்சிடாது, குறிப்பிட்ட வடிவம் பயின்றுவரும் சூழலை மட்டும் விளக்கலாம். ஒப்புதல் பெறும்போதே, தம் சொற்கள் எவ்வடிவில் வெளியாகும் என்பதைப் பேசியவர்க்குப் பேச்சுத் தமிழிலேயே கூறுதல் வேண்டும்.