எதற்குப் பின்னால் எது?

பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்து வரும் வானொலி நிகழ்ச்சியைக் கேட்டு முடித்ததும், பிடித்த பாட்டு எத்தனை வந்தது என்றுதான் பெரும்பாலோர் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்கு அது சரியான கணக்கு அல்ல. பாட்டு நல்லதாக இருப்பது இசையமைப்பாளரின் பெருமை. எதற்குப் பின்னால் எதை வைப்பது என்பது மட்டுமே தொகுப்பவரின் கலை. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடிய ‘மன்மத லீலை’ சாருகேசி ராகம். 1985-ல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்காக இளையராஜா அமைத்த ‘ஆடல் கலையே’ அதே ராகம். 2004-ல் வந்த ‘உதயா’ படத்தின் தலைப்புப் பாட்டுக்கு ஏ.ஆர்.ரகுமான் எடுத்துக்கொண்டதும் சாருகேசியே. தனித்தனியாகக் கேட்டால் இவை மூன்று காலத்துப் பாட்டுகள். அடுத்தடுத்து ஒலித்தால், ராகத்தின் பெயரே தெரியாதவர்கூட ஏதோ ஒன்று மூன்றிலும் ஓடுகிறதே என்று நிமிர்ந்து உட்காருவார். பாகவதரின் பிருகாக்களைப் பழசு என்று ஒதுக்கிய காது, ரகுமானிடமிருந்து திரும்பிப் போய் அவற்றைக் கேட்கும். ஆகவே ஒரு பாட்டு முடியும் இடத்தையும் அடுத்தது தொடங்கும் இடத்தையும் விடாமல் கேளுங்கள். இரண்டையும் இணைப்பது ராகமா, தாளக்கட்டா, எழுதிய கவிஞரா, ஒரு நாகசுரமா என்று தேடுங்கள்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் காது ஏற்கெனவே உண்டு. கோயில் கொடையின் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை எங்கே நிதானமாக விடுகிறார், எந்த இடத்தில் உடுக்கையும் குடமும் வேகம் பிடித்துக் சாமியாடும் கோமரத்தாடியை எழுப்புகின்றன என்பதை இங்கே சிறுவர்களும் அறிவார்கள். வில்லில் வீசுகோல் விழும் வேகம் மாறினாலே கதை எங்கே திரும்புகிறது என்று புரிந்துவிடும். வானொலி நிகழ்ச்சியிலும் கேட்க வேண்டியது அந்தத் திருப்பத்தைத்தான். வானொலியும் இங்கே புதிதல்ல: இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதற்கு முன்பே இலங்கை வானொலி இங்கே வீடுகளுக்குள் வந்துவிட்டது.

விரும்பிய பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கும்போது யாரோ போடுவதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் தேடுவது நமக்குப் பெயர் தெரிந்த பாட்டை மட்டுமே. செயலி பரிந்துரைப்பதும் பெரும்பாலும் அதன் சாயலில் இன்னொன்றை. பிபிசி ரேடியோ 1-ல் அறிவிப்பாளர் ஜான் பீல் 1967 முதல் 2004-ல் இறக்கும்வரை யாரும் கேள்விப்படாத இசைக்குழுக்களைப் பழைய இசைத்தட்டுகளோடு சேர்த்து ஒலிபரப்பியபோது, கேட்டவர்களுக்குத் தேடத் தெரியாதவை கிடைத்தன. அறிவிப்பாளர் பேச்சு இடைஞ்சல் என்பது இன்னொரு குறை. வெற்று அரட்டைக்கு அது பொருந்தும். இலங்கை வானொலியின் எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்றோரின் அறிவிப்புக்கு அது பொருந்தாது. படம், பாடியவர், எழுதியவர், இசை என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனதில்தான் ஒரு தலைமுறை கவிஞர்களின் பெயரையே அறிந்தது.

கலவை எல்லாம் நல்ல கலவை ஆகிவிடாது. காரணமில்லாமல் மாறி மாறி வந்தால் அது வெறும் நிரப்பல். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அணைத்துவிடலாம். நல்லதாக இருந்தால் நடுவில் நிலையம் மாற்றாமல் முழுவதும் கேளுங்கள். நேயர் விருப்பத்துக்கு எழுதும்போது எல்லோரும் கேட்கும் பாட்டை விட்டுவிட்டு, அதே படத்தில் யாரும் கேட்காத பாட்டைக் கேட்டு எழுதுங்கள்.