பிளாட்பாரத்தில் யாரும் இல்லை

1926 டிசம்பர் 6ஆம் தேதி வால்டர் பெஞ்சமின் மாஸ்கோவில் ரயிலை விட்டு இறங்கியபோது பிளாட்பாரத்தில் அவருக்காக யாரும் நின்றிருக்கவில்லை. இதை அவர் ஓரளவு எதிர்பார்த்தே இருந்தார். யாரும் வராவிட்டால் போய்த் தங்குவதற்கென்று ஒரு ஹோட்டலின் பெயரையும் விலாசத்தையும் ரயிலிலேயே மனத்தில் குறித்து வைத்திருந்தார். எல்லையில், இரண்டாம் வகுப்பில் இடமில்லை என்று சொல்லி, அதிகப் பணம் வாங்கிக்கொண்டு அவரை முதல் வகுப்பில் ஏற்றியிருந்தார்கள். புரட்சியின் தலைநகரில் படுக்கை வசதியுள்ள பெட்டியிலிருந்து தான் இறங்குவதை நண்பர்கள் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு நிம்மதிகூட. ஆனால் பிளாட்பார வாசலிலும் யாரும் இல்லை. நிலையத்தை விட்டு வெளியே வரும்போதுதான் பெர்ன்ஹார்ட் ரைஷ் எதிர்ப்படுகிறார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இருவரும் ஸ்லெட்ஜ் வண்டியில் போகிறார்கள். ட்வெர்ஸ்காயா தெருவில் சில நிமிஷங்கள் போனதும் தெருவோரத்திலிருந்து ஆஸ்யா லாட்ஸிஸ் கையசைக்கிறார்.

இவ்வளவும் பெஞ்சமினின் மாஸ்கோ டயரியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுரைகளின் வழியாகவே அவரை அறிந்து, ஒரு மூளையாக மட்டும் மனத்தில் வைத்திருந்த எனக்கு முதல் வாசிப்பில் இது சங்கடமாக இருந்தது. வகுப்பு மாறிய டிக்கட்டும், ஆளில்லாத வாசலும், 'நான் ஒன்றும் பெரிதாக வருத்தப்படவில்லை' என்கிற பாவனையும் நம்மில் யாருக்கும் நேர்வது. நாம் யாரும் எழுதாதது. இந்தச் சங்கடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

ஆஸ்யா லாட்வியாவைச் சேர்ந்த நாடக இயக்குநர், கம்யூனிஸ்ட். 1924இல் காப்ரி தீவில் பெஞ்சமின் அவரைச் சந்தித்தார். ரைஷ் ஜெர்மன் நாடக உலகைச் சேர்ந்தவர், ஆஸ்யாவின் துணைவர். 1926இல் ஆஸ்யா நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி மாஸ்கோவில் ஒரு சானடோரியத்தில் இருந்தார். பெஞ்சமின் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. கட்சியில் சேர்வதா வேண்டாமா என்று நேரில் பார்த்துத் தீர்மானிக்க நினைத்தார். சோவியத் கலைக்களஞ்சியத்துக்கு கதே பற்றிய கட்டுரை விவகாரம் இருந்தது. மார்ட்டின் பூபரின் பத்திரிகைக்கு மாஸ்கோ பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் டயரியைப் படிக்கிற யாருக்கும் முதல் காரணம் எது என்பதில் சந்தேகம் வராது.

ஏறக்குறைய இரண்டு மாதம் தங்குகிறார். ரஷ்ய மொழி தெரியாது; நாடகமானாலும் கூட்டமானாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பல சமயம் அந்த ஒருவர் ரைஷ்தான். தான் நேசிக்கும் பெண்ணின் துணைவர் மொழிபெயர்க்க ஒரு நகரத்தைத் தெரிந்துகொள்கிறார். ரைஷ் சில இரவுகள் பெஞ்சமினின் ஹோட்டல் அறையிலேயே படுத்துக்கொள்கிறார். ஆஸ்யாவைத் தனியாகப் பார்ப்பது அபூர்வம்; பார்க்கும்போது சண்டை. ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பிவிடச் சொல்லி ஹோட்டல் வாசல்காப்பவனிடம் கேட்கிறார். ஞாபகம் இருந்தால் எழுப்புவோம், இல்லாவிட்டால் எழுப்ப மாட்டோம் என்கிற ரீதியில் அவன் தர்க்கம் போகிறது. ஷேக்ஸ்பியரின் கோமாளி பேசுவதைக் கேட்பது போல பெஞ்சமின் அதைக் கேட்டுப் பதிவு செய்கிறார்.

ஊர் திரும்பியபின் 'மாஸ்கோ' என்ற கட்டுரையை எழுதினார். 1927இல் பூபரின் 'டி க்ரேயாட்டூர்' பத்திரிகையில் வந்தது. நகரங்களைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்த சிலவற்றுள் இதுவும் ஒன்று என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. அதன் பொருள்களெல்லாம் டயரியிலிருந்து எடுக்கப்பட்டவை. உறைபனி மூடிய தெருவில் வந்தவன் குழந்தைபோல மறுபடி நடக்கக் கற்க வேண்டியிருக்கிறது. ட்ராமில் கண்ணாடியெல்லாம் பனி மூடியிருப்பதால் வண்டி எங்கே நிற்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிவதில்லை. பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும், நடுவில் மனிதச் சுவர். 'ஸெய்ச்சாஸ்' — இதோ, உடனே — என்ற சொல்லைப் பத்துத் தடவை, முப்பது தடவை கேட்கலாம்; 'உடனே' நடக்க மணிக்கணக்காகலாம், வாரக்கணக்காகலாம். சங்கடங்கள் எல்லாம் கட்டுரையில் பத்திரமாக இருக்கின்றன. ஆஸ்யா மட்டும் இல்லை. ரைஷ் இல்லை. இறங்கவேண்டிய இடம் தெரியாமல் ட்ராமுக்குள் நின்றவன் யாரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான் என்பது இல்லை.

தமிழில் பயணக் கட்டுரை என்று வாராந்தரிகளில் வந்துகொண்டிருந்ததை அறிந்தவர்களுக்கு, சங்கடத்தை அப்புறப்படுத்த ஒரு வழி தெரியும். பெட்டி தொலைந்துபோகும், இட்டிலி கிடைக்காது, வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்கள். அடுத்த பாராவில் எல்லாம் சரியாகி, வாசகர் சிரித்து, கட்டுரையாளர் கோபுரமோ கோட்டையோ பார்க்கப் போய்விடுவார். அங்கே சங்கடம் ஒரு துணுக்கு. நாம் அதைக் கேலி செய்திருக்கிறோம். ஆனால் பெஞ்சமினின் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தபின் எனக்குப் படுவது, சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் ஒரு அப்புறப்படுத்தும் வழி உண்டு என்பதுதான். நாம் சங்கடத்தைக் கருத்தாக்கிவிடுகிறோம். அவமானப்பட்ட ஆள் போய்விடுகிறான்; அவன் பட்டது நகரத்தின் குணமாக, காலத்தின் குணமாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. துணுக்காக்குவதைவிட இது உயர்ந்த காரியம்தான். அதனாலேயே இதில் இருக்கும் தப்பித்தல் கண்ணில் படுவதில்லை.

1927 பிப்ரவரியில் பூபருக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின், தன் கட்டுரையில் கோட்பாடு எதுவும் இராது; உண்மை விவரங்களே கோட்பாடாக நிற்கும்படி எழுதப்போகிறேன் என்ற அர்த்தத்தில் சொல்கிறார். இது அவருடைய மிகப் பெரிய விமர்சனக் கொள்கைகளில் ஒன்று. இதையே அளவுகோலாகக் கொண்டு கேட்கிறேன்: விவரமே கோட்பாடு என்றால், பிளாட்பாரத்தில் யாரும் இல்லை என்பதும் ஒரு விவரம்தானே? ட்ராமின் பனிக் கண்ணாடி மாஸ்கோவைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, சானடோரியத்தில் இருக்கிற ஒருத்தியைப் பார்க்க இன்னொருவனின் மொழியை நம்பி நடக்கிற அந்நியனும் அவ்வளவு சொல்கிறான். தனிவாழ்க்கைக்கு இடம் குறைந்துவிட்ட நகரம் மாஸ்கோ என்று கட்டுரை சொல்கிறது. அதைச் சொன்னவருக்கு அது எங்கிருந்து தெரிந்தது? ஒரு அறையில் தனியாகப் பேச முடியாமல் போன நாட்களிலிருந்தும் தெரிந்தது. அந்த வேர் வெட்டப்பட்டிருக்கிறது.

இதற்கு ஒரு பதில் உண்டு, லேசான பதிலும் அல்ல. ஆஸ்யாவைப் பற்றி அச்சில் எழுத பெஞ்சமினுக்கு என்ன உரிமை? மௌனம் இங்கே நாகரிகம் அல்லவா? பெஞ்சமின் 1940இல் இறந்தார். ஆஸ்யா ஸ்டாலின் காலத்தில் பத்து வருஷம் கஸாக்ஸ்தானில் சிறைவைக்கப்பட்டு மீண்டு, 1979 வரை வாழ்ந்தார். டயரி 1980இல்தான் ஜெர்மனில் புத்தகமாயிற்று. அதை அச்சில் அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஆனால் பெயர் சொல்லாமலே ஆளை வைத்திருக்க முடியும் என்பதற்குப் பெஞ்சமினே சாட்சி. மாஸ்கோவுக்கு ஒரு வருஷம் முன்பு, 1925 இறுதியில், ஆஸ்யாவைப் பார்க்கச் சொல்லாமல் ரிகாவுக்குப் போய் நின்றார். ஆஸ்யா நாடக வேலையில் மூழ்கியிருந்தார். இந்த ஆச்சரியப் பரிசு அவருக்கு ரசிக்கவில்லை. 1928இல் வந்த 'ஒருவழிப் பாதை'யில் — ஆஸ்யாவுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்ட புத்தகம் — இதைப் பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. தோழி ஒருத்தியைப் பார்க்க ரிகாவுக்கு வந்ததையும், வீடு தெரியாது, ஊர் தெரியாது, பாஷை தெரியாது, தன்னை எதிர்பார்த்து யாரும் இல்லை என்பதையும், இரண்டு மணி நேரம் தெருக்களில் தனியாக அலைந்ததையும் சொல்கிறார். அவள் எந்தத் திருப்பத்திலிருந்தும் வரலாம் என்பதால் ஒவ்வொரு வாசலும் வெடித்துவிடப் போவது போல இருக்கிறது. பெயர் இல்லை, அந்தரங்கம் எதுவும் அம்பலமாகவில்லை. காத்திருப்பவன் மட்டும் இருக்கிறான். அவன் இருப்பதால் ரிகா முழுக்கத் தீப்பிடித்ததுபோல் தெரிகிறது. மாஸ்கோ கட்டுரை எவ்வளவு விரிவானதானாலும் இந்தச் சூடு அதில் இல்லை. ஆக, நாகரிகத்துக்கும் நேர்மைக்கும் நடுவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பது சரியில்லை.

இவ்வளவு தூரம் வந்தபின் என் விஷயத்தைச் சொல்லாவிட்டால் நானும் பெஞ்சமினைக் கருத்தாக்கி ஒளிந்துகொண்டவனாவேன்.

1992இல் வார்ஸாவிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் போனேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அங்கே இருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான இன்னொரு நண்பர் பாரிஸிலிருந்து வந்திருந்தார். மெயின் ஸ்டேஷனில் நிற்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ரயில் நகருக்குள் நுழைந்து நின்ற இடத்தில் 'ஹௌப்ட்பான்ஹோஃப்' என்று பலகை. அகராதிப்படி தலைமை நிலையம், இறங்கிவிட்டேன். கிழக்கு பெர்லின் நிலையம் அது. 1987இல் கிழக்கு ஜெர்மனி அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியிருந்தது. மேற்கு பெர்லினில் வாழ்ந்தவர்களுக்கு நிலையம் என்றால் 'ஸூ'. நண்பர்கள் அங்கே நின்றிருந்தார்கள். இரண்டு பக்கமும் சரி. இரண்டு பேரும் மூன்று மணி நேரம் நின்றோம். கைத்தொலைபேசி நம் வாழ்வில் வராத காலம்.

கடைசியில் அவருக்குத்தான் பொறி தட்டி, நகர ரயிலேறி என்னைத் தேடி வந்தார். பசியிலும் கோபத்திலும் இருந்த நான் முதலில் சொன்னது நன்றியாக இல்லை. அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. வருகிற வழியில் ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸெயைத் தாண்டி வந்ததாகச் சொன்னார். 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அந்த ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸெ நிலையத்தின் வழியாகத்தான் அவர் மேற்கே வந்திருந்தார். அந்த வருஷங்களில் பல தமிழர்கள் அகதிகளாக வந்த வழி அது. கூட்டிக்கொண்டுபோக ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்களாம். கையில் ஒரு விலாசத் துண்டு. "அண்டைக்கும் ஒருத்தரும் வரேல்லை. அதுதான் உம்மை அப்பிடி நிக்க விடக்கூடாதெண்டு ஓடி வந்தனான்" என்றார்.

ஊர் திரும்பி பெர்லினைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஒரு நகரத்துக்கு இரண்டு தலைமை நிலையங்கள். சுவர் போனபின்னும் பெயர்களில் நிற்கிற சுவர். அந்நியன் பலகையைப் படிக்கிறான், நகரவாசி ஞாபகத்தைப் படிக்கிறான் — இப்படியெல்லாம். பாராட்டினார்கள். நண்பர் வரவில்லை, விலாசத் துண்டு வரவில்லை, என் கோபம் வரவே இல்லை. ஒரு பிரதி அவருக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அஞ்சலட்டையில் இரண்டு வரி வந்தது: "கட்டுரை நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் என்னை எந்த ஸ்டேசனிலை விட்டிட்டுப் போனீர்?"

அன்றைக்கு இதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். கட்டுரை என்பது தனிமனிதர்களைத் தாண்டியது என்று பதிலும் எழுதினேன். இப்போது, மாஸ்கோ டயரியை மூன்றாவது தடவை படித்து முடித்தபின், அவர் கேட்டது மிகச் சரியான விமர்சனக் கேள்வி என்று தெரிகிறது. என் கட்டுரையில் இருந்த அத்தனை கருத்தும் அவர் எனக்குக் காத்திருந்ததன் விளைவு. அவரை எடுத்துவிட்டால் அது ஒரு சுற்றுலாப் பயணி கண்டுபிடித்த முரண்பாடு. பெர்லினில் இன்று தலைமை நிலையம் என்று இருப்பது 2006இல் வேறு இடத்தில் திறந்தது. நான் இறங்கிய நிலையம் 1998லேயே 'கிழக்கு நிலையம்' என்று பழையபடி பெயர் மாறிவிட்டது. என் கட்டுரையின் கருத்துக்கு ஆயுள் ஆறு வருஷம்.

பெஞ்சமினின் கட்டுரை லெனின் படத்தில் முடிகிறது: 'ப்ராவ்தா' பத்திரிகையைக் குனிந்து படித்துக்கொண்டிருக்கும் லெனின். டயரி, 1927 பிப்ரவரி 1ஆம் தேதி, மடியில் பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு, மங்கிக்கொண்டிருக்கும் தெருக்களின் வழியே அழுதபடி ஸ்டேஷனுக்குப் போகிற ஒரு ஆளில் முடிகிறது. இரண்டில் எது பெரியது என்று நான் கேட்கவில்லை. இரண்டும் ஒரே பயணத்தின் முடிவு என்பதை விமர்சனம் மறக்கக்கூடாது என்கிறேன். முதலில் சொல்லப்பட வேண்டியதை முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்: அவர் ஸூ நிலையத்தில் எனக்காக மூன்று மணி நேரம் நின்றார், பிறகு, தான் திரும்பிப் பார்க்க விரும்பாத ஒரு நிலையத்தைத் தாண்டி என்னைத் தேடி வந்தார்.