ஜூலியாவின் பேயும் எரிந்துபோன தாள்களும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகர் சான்டா ஃபே. அங்கே லா போசாடா என்றொரு விடுதி இருக்கிறது. அதன் பழைய பகுதி, 1882இல் ஆபிரகாம் ஷ்டாப் என்ற வணிகர் தன் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை. அவருடைய மனைவி ஜூலியா அங்கே பேயாக உலவுகிறார் என்று 1970களிலிருந்து கதை வழங்குகிறது. கறுப்பு உடை, வெள்ளை முடி, சோகமான கண்கள். குழந்தை இறந்த துக்கத்தில் ஒரே இரவில் முடி நரைத்துவிட்டதாம். கணவர் அறைக்குள் பூட்டி வைத்தாராம். சிலர் தற்கொலை என்கிறார்கள், சிலர் கொலை என்கிறார்கள். பேய் பெண்களைப் பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஒரு விடுதி பேயைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த ஜூலியாவின் எள்ளுப்பேத்தி ஹன்னா நார்ட்ஹவுஸ். பத்திரிகையாளர். 2015இல் அவர் எழுதிய ‘அமெரிக்கன் கோஸ்ட்’ என்ற நூல், பேய்க்குப் பின்னால் இருந்த பெண்ணைத் தேடிப் போகிறது. குடும்பக் குறிப்புகள், பழைய செய்தித்தாள்கள், நாட்குறிப்பு, மரபணுச் சோதனை, ஆவியோடு பேசுவதாகச் சொல்பவர்கள், பேய் பிடிக்கக் கருவியோடு திரிகிறவர்கள் என்று யாரையும் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஜூலியாவின் அறையிலேயே ஓர் இரவு தங்குகிறார்.

முதல் வாசிப்பில் நான் அவசரப்பட்டேன். ஆபிரகாம் கொடுமைக்காரர் என்று நிரூபணமாகிவிட வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தேன். அதற்கு என் வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு கொள்ளுப்பாட்டி, ‘கிணற்றில் விழுந்தவள்’ என்ற இரண்டு சொற்களாக மட்டுமே மிஞ்சியிருக்கிறாள். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நான் ஒரு மாமியாரை, ஒரு கணவனை, ஒரு பிரம்பை எல்லாம் கற்பனையில் உருவாக்கி வைத்திருந்தேன். ஜூலியாவுக்கும் அதே கதையைத் தைத்துப் போடத் தயாராக இருந்தேன். இந்த நூல் என்னைத் தடுத்தது. அதன் பலம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நிச்சயமாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். ஜூலியா ஷூஸ்டர் 1844இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியிலுள்ள லூக்டே என்ற சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அதே ஊர்க்காரரான ஆபிரகாம் பதின்ம வயதிலேயே அமெரிக்கா போய், சான்டா ஃபேயில் அண்ணனோடு கடை வைத்து, ராணுவக் கோட்டைகளுக்குச் சரக்கு அனுப்பிச் செல்வந்தரானவர். 1865இல் ஊருக்குத் திரும்பி ஜூலியாவை மணந்து அழைத்துப் போனார். ரயில் சான்டா ஃபேக்கு வந்தது 1880இல்தான். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 21 வயதுப் பெண் சமவெளிகளைத் தாண்டி, பச்சை மண்கல் வீடுகள் நிறைந்த ஸ்பானிஷ் பேசும் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஏழு பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். 1896இல், 52 வயதில் இறந்தார். எப்படி இறந்தார் என்பதற்கு நூலிலும் உறுதியான விடை இல்லை.

ஆபிரகாமுக்கும் ஒரு கதை உண்டு. சான்டா ஃபேயின் புனித பிரான்சிஸ் பேராலய வாசலில், முக்கோணத்துக்குள் ஹீப்ரு எழுத்தில் கடவுளின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேராலயம் கட்டக் கொடுத்த கடனை ஆபிரகாம் தள்ளுபடி செய்ததற்குப் பேராயர் லாமி காட்டிய நன்றி அது என்பார்கள். அதுவும் நிரூபணமாகாத கதைதான். ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். வரலாற்றில் இடைவெளி வரும்போது ஆணுக்குத் தாராள மனம் கிடைக்கிறது, பெண்ணுக்குப் பைத்தியம் கிடைக்கிறது. அவர் கதை ஊர் நடுவே கல்லில் நிற்கிறது. இவர் கதை மாடியறையில் அலைகிறது.

இந்த இடைவெளி தானாக உண்டானதல்ல. 1855இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, குடிமகனை மணக்கும் வெளிநாட்டுப் பெண் திருமணத்தாலேயே குடிமகளாகிவிடுவார். தனி விண்ணப்பம், தனி உறுதிமொழி எதுவும் தேவையில்லை. சலுகை போலத் தெரியும். ஆனால் குடியேறி வந்த ஆண் எந்த ஊரிலிருந்து வந்தார், எப்போது வந்தார் என்று தேட ஒரு தாள் இருக்கும். மனைவிக்கு அது இருக்காது. கணவரின் தாளே அவள் தாள். இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்ட 1907ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையையே பறித்தது. 1922க்குப் பிறகுதான் மனைவியின் குடியுரிமை கணவனிடமிருந்து பிரியத் தொடங்கியது. வம்சாவளி தேடுகிறவர்கள் ‘பாட்டியைப் பற்றி ஒன்றுமே கிடைக்கவில்லை’ என்று அலுத்துக்கொள்வதில் பாதி, அவள் எதையும் விட்டுச் செல்லாததால் அல்ல. அவளைத் தனியாக எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால்.

இதைவிட என்னை வதைக்கும் ஒரு தாள் உண்டு. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மார்களிடம் எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கப்பட்டது. 1900இலும் கேட்டார்கள், அப்போது ஜூலியா இல்லை. அவரைச் சுற்றிய கதை முழுவதும் இறந்த குழந்தை ஒன்றின் மீது எழுந்து நிற்கிறது. அதைப் பற்றி அரசு அவரிடம் கேள்வி கேட்டிருக்கக்கூடிய ஒரே கணக்கெடுப்பு 1890தான். அந்தத் தாள்களின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்திலும் அதற்குப் பிந்திய அலட்சியத்திலும் அழிந்துபோயின. இரண்டு எண்கள். அவை இருந்திருந்தால், ஒரே இரவில் நரைத்த முடியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருந்திருக்காது.

மகள் பெர்த்தாவின் நாட்குறிப்புதான் நூலின் உயிர். 1890களின் தொடக்கத்தில், தாயோடு ஐரோப்பாவுக்குப் பயணம் போன இளம்பெண் எழுதியது. விருந்துகள், ஊர் சுற்றல், உடைகள், வந்து போகும் இளைஞர்கள். நடுநடுவே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி. ஜெர்மனியின் நீரூற்று மருத்துவ நகரங்களுக்கு ஜூலியா குணம் தேடிப் போயிருக்கிறார். அக்காலத்தில் பிள்ளைப்பேற்றால் தளர்ந்த உடம்பும், வாழ்க்கையால் தளர்ந்த மனமும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற ஒரே பொட்டலத்தில் கட்டப்பட்டன. வைத்தியம் ஓய்வும் குளியலும். பூட்டிய அறைக்குப் பதிலாக நாட்குறிப்பு காட்டுவது பயணப்பெட்டியையும் பணம் செலவழிக்கும் குடும்பத்தையும் கவலையோடிருக்கும் மகளையும். அதனால் ஜூலியாவின் துன்பம் குறைந்துவிடவில்லை. கைகாட்ட ஒரு வில்லன்தான் இல்லை.

ஆவியோடு பேசுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஒருவர் சொல்லும் ஜூலியா இன்னொருவர் சொல்லும் ஜூலியாவோடு ஒட்டவே ஒட்டாது. நார்ட்ஹவுஸ் அவர்களைக் கேலி செய்வதில்லை, நம்பிவிடுவதும் இல்லை. அந்தப் பக்கங்கள் நீளம் என்பது என் குறை. ஆனால் அவற்றைப் படிக்கையில் என் முகமே எனக்குத் தெரிந்தது. எனக்குத் தேவையான ஜூலியாவைத்தானே நானும் வரவழைத்துக்கொண்டிருந்தேன்? இறந்த பெண்ணை நம் கோபத்துக்குச் சாட்சியாக அழைப்பதும் ஒருவகைக் குறி கேட்பதுதான். பெண்ணிய வாசிப்பு என்று பெயர் சூட்டிவிட்டால் அது ஆராய்ச்சியாகிவிடாது.

நூலின் மிகக் கனமான பகுதி சான்டா ஃபேயில் இல்லை, ஜெர்மனியில் இருக்கிறது. குடும்பத்தின் வேரைத் தேடி லூக்டேக்குப் போகும்போது, அங்கேயே தங்கிவிட்ட உறவுகள் வெளிப்படுகிறார்கள். ஜூலியாவின் தங்கை எமிலி முதிய வயதில் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கே இறந்தார். அமெரிக்காவுக்குப் போன அக்காவைப் பற்றி நூறு கதைகள். போகாத தங்கையைப் பற்றி அமெரிக்கக் கிளையில் நினைவு மங்கிப்போயிருந்தது. ‘எங்கிருந்து வந்தோம்’ என்ற கேள்விக்கு மறைந்திருந்த விடை இதுதான்.

இங்கே தாள்களின் நிலைமையும் தலைகீழாகிறது. 1939 தொடங்கியதிலிருந்து, நாஜி அரசாணைப்படி, யூதப் பெயர் என்று அரசு ஏற்காத பெயருடைய ஒவ்வொரு யூதப் பெண்ணும் தன் பெயரோடு ‘சாரா’ என்று சேர்த்து எழுத வேண்டும். முகாமுக்குப் போனவர்களின் பட்டியலில் பிறந்த தேதி, ஊர், வண்டி, எண் என எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஜூலியாவை எழுத மறந்தது ஓர் அரசு, எமிலிகளைக் கொல்வதற்காகத் துல்லியமாக எழுதியது இன்னோர் அரசு. ஆவணம் கிடைத்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு கேள்வி எனக்கு மிச்சமிருக்கிறது. ஆபிரகாமின் செல்வத்துக்கு வழி, ராணுவத்துக்குச் சரக்கு அனுப்பியது. 1848இல் மெக்சிகோவிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலத்தில், நவஹோ, அப்பாச்சே மக்களோடு போரிட்ட ராணுவம் அது. அந்தப் பெரிய வீட்டில் தண்ணீர் சுமந்த, துணி துவைத்த பெண்கள் யார்? விடுதி சொல்லும் கதையில் அவர்கள் பேயாகக்கூட வருவதில்லை. நூலில் அவர்களை இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம். எஜமானியின் மௌனத்தைக் கலைக்க ஓர் எள்ளுப்பேத்தியும் ஒரு நாட்குறிப்பும் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு யார் இருந்தார்கள்?

நூலை மூடிவைத்த வாரம் அம்மாவுக்கு ஃபோன் செய்து, கிணற்றில் விழுந்தவளின் பெயரைக் கேட்டேன். தெரியவில்லை என்றார். பிறகு, “அவ கையால போட்ட நார்த்தங்கா ஊறுகாய் ரெண்டு வருஷம் கெடாதுன்னு ஆச்சி சொல்லும்” என்றார். கிணற்றைத் தவிர அவளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் செய்தி இது. மாமியாரையும் பிரம்பையும் அடித்துவிட்டு, இதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.