ஸ்ட்ராபெர்ரி எந்தத் திணை?

ராபின் வால் கிம்மரர் எழுதிய 'பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்' (2013) நூலை முழுசாகப் படிக்காதவர்களுக்கும் அதில் ஒரு இடம் தெரிந்திருக்கும். பொட்டாவாடமி மொழியில் வளைகுடா என்பது பெயர்ச்சொல் அல்ல, வினைச்சொல். 'வளைகுடாவாக இருத்தல்' என்றுதான் அந்த மொழி சொல்கிறது. நீருக்கு உயிர் இருக்கிறது, இப்போதைக்கு அது வளைகுடாவாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பகுதியைப் பலரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். நானும் மூன்று முறையாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வந்து "அட, எப்பேர்ப்பட்ட மொழி!" என்று எழுதுவார்.

சமீபமாக அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு நெருடலாக இருந்தது. நெருடல் கிம்மரரைப் பற்றியதா, நாம் அவரைப் படிக்கிற விதத்தைப் பற்றியதா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இருக்கிறது.

கிம்மரர் தாவரவியல் பேராசிரியர், சிட்டிசன் பொட்டாவாடமி இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தாவை ஒன்பது வயதில் கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பழங்குடிக் குழந்தைகளின் மொழியை அழிப்பதற்கென்றே நடத்தப்பட்ட பள்ளி அது. குடும்பத்தில் மொழி அங்கேயே அறுந்துபோனது. பேத்தி நடுவயதில் வீட்டுச் சாமான்கள் மீதெல்லாம் சொற்களைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிப் படிக்க ஆரம்பிக்கிறார். ஆங்கிலச் சொற்களில் சுமார் 30 சதவீதம்தான் வினைகள், பொட்டாவாடமியில் 70 சதவீதம் என்கிறார். சனிக்கிழமைகூட வினைச்சொல். எரிச்சலில் அகராதியை மூடப்போகும் நேரத்தில்தான் அந்த வளைகுடா வருகிறது. அங்கிருந்து கட்டுரை மேலே கிளம்பிவிடுகிறது: இந்த இலக்கணம் மரத்தையும் பாறையையும் உயிருள்ளவையாக நடத்துகிறது, ஆங்கிலமோ எல்லாவற்றையும் 'அது' ஆக்கிவிடுகிறது என்று.

அழகான வாதம்தான். ஆனால் தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சின்ன சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாமும் திணை பிரிக்கிற மொழிக்காரர்கள்தானே? "குழந்தை அழுகிறது" என்கிறோம். குழந்தை அஃறிணை முடிபு கொள்வதால் எந்தத் தாயும் அதைப் பொருளாக நினைப்பதில்லை. 'குழவி' போன்ற சொற்கள் அஃறிணையாக முடிவதைத் தொல்காப்பியமே தனியாக எடுத்துப் பேசுகிறது. இலக்கணத் திணை ஒரு விஷயம், மனசில் இருக்கும் மரியாதை இன்னொரு விஷயம். இரண்டும் தொட்டுக்கொள்ளும், ஒன்றாகிவிடாது.

பொட்டாவாடமியின் நெருங்கிய உறவு மொழியான ஓஜிப்வேயை எடுத்துக்கொள்வோம். அதில் ராஸ்பெரி உயிருள்ள திணை, ஸ்ட்ராபெர்ரி உயிரற்ற திணை. இரண்டும் பழம், இரண்டும் செடியில்தான் காய்க்கிறது. ஸ்ட்ராபெர்ரியை 'இதயப் பழம்' என்று கொண்டாடி, நிலம் நமக்குத் தரும் பரிசு என்று ஒரு முழு அத்தியாயமே எழுதியவர் கிம்மரர். அந்தப் பழத்தின் திணையை வைத்துப் பார்த்தால், உயிர்த்திணை என்பது உலகப் பார்வையின் நேரடிப் படம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இதனால் அவர் சொல்லும் உறவு பொய்யாகிவிடாது. இலக்கணத்தை மட்டும் சாட்சிக்கு இழுத்தது போதவில்லை, அவ்வளவுதான் என் விமர்சனம்.

இந்த ஸ்ட்ராபெர்ரியை வியந்து படிக்கிற வாசகர் சந்திக்கவே மாட்டார். வகுப்பில் உட்கார்ந்து பன்மை விகுதி மனப்பாடம் செய்கிற மாணவர் சீக்கிரமே சந்தித்துவிடுவார். "ஏன் இப்படி?" என்று கேட்பார். "எங்க பாட்டி அப்படித்தான் சொல்வாங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். மொழியின் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் நமக்கு அந்த ஆள் தேவைப்படுவதே இல்லை. என் நெருடல் இதுதான்.

ஆள் இருக்கிற வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஒஹையோவில் இருக்கிறது. 1809இல் தொடங்கிய மயாமி பல்கலைக்கழகத்துக்கு அந்த நிலத்தில் வாழ்ந்த மியாமியா மக்களின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த மக்களோ 1846இல் தங்கள் தாய்நிலத்திலிருந்து கான்சாஸுக்கு வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டு, பிறகு ஓக்லஹோமாவுக்குத் தள்ளப்பட்டார்கள். 1972இல் அவர்களுடைய தலைவர் ஒருவர் வளாகத்துக்கு வந்துபோனதில் உறவு ஆரம்பித்தது. அதற்குள் அந்த மொழியை வளர்ந்து பேசிய தலைமுறை போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சம் இருந்தவை காகிதங்கள், குறிப்பாக சுமார் 300 வருடங்களுக்கு முன் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுதிவைத்த கையெழுத்து அகராதிகள்.

டேவிட் கோஸ்டா அந்தக் காகிதங்களிலிருந்து இலக்கணத்தைத் திரட்டி 1994இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். மியாமியா இனத்தைச் சேர்ந்த டேரில் பால்ட்வின் அதைப் படித்து, வீட்டில் தன் பிள்ளைகளோடு பேசத் தொடங்கினார். 2001இல் பல்கலைக்கழகத்துக்குள் மியாமியா திட்டம் உருவானது; 2013இல் அது மையமாக வளர்ந்தது. உதவித்தொகையில் படிக்க வரும் மியாமியா இளைஞர்கள் அங்கே சேர்ந்து உட்கார்ந்து தங்கள் மொழியையும் வரலாற்றையும் படிக்கிறார்கள். கணினிக்குப் புதுச்சொல் வேண்டுமா? 'வேகமாக யோசிப்பது' என்ற பொருளில் அவர்களே ஆக்கிக்கொண்டார்கள். இந்தக் கூட்டுறவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'நீப்வான்டீங்கி', ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது.

இதையும் தேவதைக் கதையாக்க வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகள் 1997 வரை பழங்குடிகளை இழிவுபடுத்தும் ஒரு பெயரில்தான் ஆடின. அந்த இனமே ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகுதான் பெயர் மாறியது. துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், துரத்தப்பட்ட நிலத்துக்கே மாணவர்களாகத் திரும்பி வந்து தங்கள் மொழியைப் படிக்கிறார்கள் என்பதில் இருக்கும் கசப்பு எந்தப் பாடத்திட்டத்தாலும் கரையாது. ஆனாலும் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. எதைக் கற்பிப்பது, எதை வெளியே காட்டுவது என்பதில் மக்களுக்கு வாக்கு இருக்கிறது. பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெர்க்லி என்றதும் தமிழ்நாட்டுக்காரனுக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வரும். எம்.பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். பிறகு பெர்க்லியில் மொழியியல் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய 'தோடா சாங்ஸ்' 1971இல் வந்தது. அசுர உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் எழுதிவைப்பது பாதி வேலைதான். பாதிரிமாரின் அகராதி 300 வருடங்களாகச் சும்மாதான் கிடந்தது, உரிமைக்காரர் ஒருவர் வந்து கேட்கிறவரைக்கும்.

எமனோவைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை? முதுகலை படிக்கும்போது எங்கள் கல்லூரியிலிருந்து மூன்று நாள் களப்பணிக்கு ஒரு மலையூருக்குப் போனோம். ஒரு பாட்டி இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். செடி, பூச்சி, மழைவகை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் கேட்டார், "இதையெல்லாம் கொண்டுபோயி என்ன பண்ணுவீங்க?" "ஆவணப்படுத்துவோம் பாட்டி" என்றேன். "அப்புறம்?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். எனக்கு மதிப்பெண் கிடைத்தது. அந்த ஊருக்கு மறுபடி போகவில்லை. கொஞ்ச நாள் அந்த மழைச்சொற்களை நண்பர்களிடம் சொல்லி "என்ன மொழிடா!" என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பாராட்டும் உண்டு.

இப்போது கிம்மரரின் அத்தியாயத்துக்குத் திரும்புகிறேன். வளைகுடாவுக்கு முன்பே அதில் இன்னொரு இடம் வருகிறது. இனத்தின் ஆண்டுக்கூட்டத்தில் மொழி வகுப்பு. சரளமாகப் பேசுகிறவர்கள் உலகத்திலேயே ஒன்பது பேர்தான் மிச்சம் என்று அங்கே அவருக்குத் தெரியவருகிறது. எல்லோரும் முதியவர்கள். அந்த ஒன்பது பேருக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவர் படிக்க ஆரம்பிக்கிறார். அவர் அந்த வகுப்பை மறைக்கவில்லை. நாம்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போய் வளைகுடாவை மட்டும் படம் எடுத்தோம்.

என் களப்பணி நோட்டு இன்னும் ட்ரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து ஒரு பெண் இப்போது கீழே கல்லூரியில் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நகல் எடுத்துவைத்துக்கொள்ளாமல் அசலையே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பாட்டி இருக்கிறாரா, தெரியாது. இருந்தால் அந்த "அப்புறம்?" இன்னும் பாக்கி இருக்கிறது.