இறங்கும் வரிசை

வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேயரை மூடுகிறோம். திரையிலிருந்து அது மறைந்ததும் நமக்கு வேலை முடிந்தது. உள்ளே அப்போதுதான் கடினமான வேலை தொடங்குகிறது. டீகோடர் ஒரு ஃபிரேமைப் பாதி பிரித்து வைத்திருக்கும். சவுண்ட் கார்டு அடுத்த துண்டு ஒலிக்குக் காத்திருக்கும். கோப்பைப் படிக்கும் த்ரெட் எங்கோ நடுவில் நிற்கும். இத்தனை பேரையும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வெளியே அழைத்துவர வேண்டும். கண் இமைக்கும் அந்த நேரத்தை ஜிஸ்ட்ரீமர் என்ற மல்டிமீடியா மென்பொருள் கையாளும் விதத்தைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். ஆணியே இல்லாமல் இணைந்த மரப் பொருத்தைத் தடவிப் பார்க்கும் நிறைவு அதில் எனக்கு ஒவ்வொரு தடவையும் கிடைக்கிறது.

எரிக் வால்தின்சன் 1999இல் தொடங்கிய திட்டம் இது. விம் டேமன்ஸ் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்து இதை வளர்த்தார். 1.0 பதிப்பு 2012இல் வந்தது. கோப்பைப் படிக்க, பிரிக்க, டீகோட் செய்ய, திரையில் காட்ட என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எலிமென்ட். அவற்றைக் கோத்தால் பைப்லைன். ஓர் எலிமென்டுக்கு நான்கு நிலைகள் உண்டு. ‘நல்’ என்றால் கையில் எதுவும் இல்லை. ‘ரெடி’ என்றால் தேவையான கருவிகளைத் திறந்தாயிற்று. ‘பாஸ்ட்’ நிலையில் த்ரெட்கள் எழுந்து, டேட்டா வரத் தொடங்கிவிடும். ‘பிளேயிங்’ நிலையில் கடிகாரம் ஓடும். முதல் நிலையிலிருந்து கடைசி நிலைக்கு ஒரே தாவலில் போக முடியாது. நாம் அப்படிக் கேட்டாலும் மூன்று படியாகத்தான் ஏறும். ஒவ்வொரு படியிலும் அந்த எலிமென்டின் ‘சேஞ்ச் ஸ்டேட்’ கால்பேக் கூப்பிடப்படும். உனக்குரிய ஏற்பாட்டை இப்போது செய்துகொள் என்று பொருள்.

பாஸ்ட் படியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரைக்கு அனுப்பும் கடைசி எலிமென்டான சிங்க், ‘ஆயிற்று’ என்று உடனே சொல்லாது. ‘ஏசிங்க்’ என்று பதில் தரும்: ஏற்பாடு நடக்கிறது, பொறு. முதல் ஃபிரேம் கையில் வந்து சேர்ந்த பிறகே அந்தப் படி முடியும். இதற்கு ப்ரீரோல் என்று பெயர். பாடகர் வாய் திறக்கும் முன்பே தம்புரா சுருதி சேர்ந்திருப்பதைப் போல, பிளே அழுத்தும் முன்பே முதல் படம் தயாராக இருக்கிறது. பைப்லைனின் தொடக்கத்தில் டேட்டா தரும் எலிமென்டுக்கு சோர்ஸ் என்று பெயர். கேமரா போன்ற நேரலைச் சோர்ஸ் பாஸ்ட் நிலையில் எதையும் தராது; அதனால் ‘நோ ப்ரீரோல்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும். வராத ஃபிரேமுக்காக யாரும் காத்துக் கிடக்க வேண்டாம்.

நிலை மாறும் வரிசையும் அழகு. சிங்கிலிருந்து தொடங்கி சோர்ஸை நோக்கியே மாற்றம் நகரும். மதகைத் திறக்கும் முன் கடைமடை வரை வாய்க்கால் சரியாக இருக்க வேண்டும் என்பது பாசனம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் மனம் பறிகொடுத்த இடம் இனிமேல்தான் வருகிறது. எலிமென்டைத் தரும் பிளகினை எழுதுபவர் சேஞ்ச் ஸ்டேட் கால்பேக்கை இரண்டு பாதியாக எழுதுவார். நடுவில் ஒரே ஒரு வரி, தாய் வகுப்பின் சேஞ்ச் ஸ்டேட்டைக் கூப்பிடும். ஏறும் படிகளுக்கான வேலை அந்த வரிக்கு மேலே. இறங்கும் படிகளுக்கான வேலை அதற்குக் கீழே. டேட்டா நுழையும் வாசலான பேடைத் திறப்பதும் மூடுவதும் தாய் வகுப்பின் பொறுப்பு. ஆகவே ஏறும்போது மெமரியை ஒதுக்கிவிட்டு வாசலைத் திறக்கிறோம். இறங்கும்போது வாசலை மூடி, உள்ளே நடக்கும் வேலை முடிந்த பிறகே மெமரியை விடுகிறோம்.

இதன் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் பிளகின் ஒன்றை எழுதியபோது, டிலே பஃபரை விடுவிக்கும் வரியைத் தாய் வகுப்பு அழைப்புக்கு மேலே வைத்துவிட்டேன். பாட்டு நன்றாகவே ஓடியது. மூடும்போது மட்டும் எப்போதாவது கிராஷ். டிபக்கரை வைத்தால் அதுவும் வராது. இரண்டு நாள் கழித்துப் புரிந்தது: ஒரு த்ரெட் பஃபரில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் அதை விடுவித்துக்கொண்டிருந்தது. அந்த வரியைச் சில வரிகள் கீழே நகர்த்தினேன். புதிதாக ஒரு லாக்கூடப் போடவில்லை. பேடை மூடும்போது, வந்த டேட்டாவைக் கையாண்டுகொண்டிருக்கும் செயின் ஃபங்ஷன் திரும்பி வரும்வரை காத்திருக்கும் லாக் பேடிலேயே இருந்தது.

உள்ளே இருப்பவர் திரும்பியே வராவிட்டால்? அதற்கும் ஒரு கால்பேக் உண்டு. சோர்ஸ்களுக்கான தாய் வகுப்பான பேஸ் சோர்ஸில் அதற்கு ‘அன்லாக்’ என்று பெயர். நெட்வொர்க்கிலிருந்து வராத பைட்டுக்காக உட்கார்ந்திருக்கும் த்ரெட்டை அது எழுப்பிக் கூட்டிவரும்.

இதே ஒழுக்கத்தை, ஓடும் பைப்லைனில் ஒரு எஃபெக்டை மாற்றும்போதும் பார்க்கலாம். முன்னால் இருக்கும் பேடில் பிளாக் ப்ரோப் வைத்தால் ஓட்டம் அங்கே நிற்கும். நம் கால்பேக் கூப்பிடப்படும். பழைய எஃபெக்டுக்குள் ஈஓஎஸ் என்ற ‘ஓட்டம் முடிந்தது’ செய்தியை அனுப்பி, தேங்கியதை வடியவிடுவோம். மறுமுனையில் ஈஓஎஸ் வந்து சேர்வதை இன்னொரு ப்ரோப் பார்த்து, அது சிங்க் வரை போகாமல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகே பழையதை முதல் நிலைக்கு இறக்கிக் கழற்றுவோம். புதியதைக் கோத்து, பைப்லைனின் நிலைக்கு ஏற்றி, அடைப்பை எடுத்ததும் ஓட்டம் தொடரும். வடியவிடாமல் எதையும் கழற்றுவதில்லை.

இப்போது யார் எழுதிய பிளகினைத் திறந்தாலும், என் கண் முதலில் தேடுவது தாய் வகுப்பைக் கூப்பிடும் அந்த ஒரு வரியைத்தான். அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாலே எழுதியவரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும்.